இன்டர்நெட் ஓடுகிறது, பக்கத்து அறைக் கணினி மட்டும் அகப்படவில்லை

உங்கள் கேள்வியை இப்படிச் சுருக்கிக்கொள்கிறேன். வீட்டில் விண்டோஸ் 11 மடிக்கணினி ஒன்று, விண்டோஸ் 10 மேசைக்கணினி ஒன்று, ஒரு மேக்புக், கோப்புகளையும் படங்களையும் சேர்த்து வைக்கும் உபுண்டு கணினி ஒன்று, ஒரு வைஃபை பிரிண்டர், நாலைந்து செல்பேசிகள். உள்ளறையில் சிக்னல் குறைவாக இருந்ததால், இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரோடு இன்னொரு ரவுட்டரையும் வாங்கி மாட்டியிருக்கிறீர்கள். எல்லாக் கருவிகளிலும் இணையம் ஓடுகிறது. ஆனால் மேக்கில் தெரியும் உபுண்டு கணினி விண்டோஸில் தெரிவதில்லை. விண்டோஸ் மேசைக்கணினியைத் திறக்கப் போனால் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது. பிரிண்டர் ஒரு நாள் அச்சடிக்கிறது, மறுநாள் ‘ஆஃப்லைன்’ என்கிறது. இரண்டாவது ரவுட்டர் வந்த பிறகு எல்லாம் மோசமாகிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இங்கே குறைந்தது மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாகச் சேர்த்து ‘நெட்வொர்க் சரியில்லை’ என்று வைத்துக்கொண்டால் எதையும் தீர்க்க முடியாது. கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. இரண்டு கருவிகளுக்கும் இடையே பாதை இருக்கிறதா? பாதை இருந்தால், எதிர்முனை பேச ஒப்புக்கொள்கிறதா? பெயரைச் சொன்னால் அந்தக் கருவி அகப்படுகிறதா? கடைசியாக, ‘நீ யார்’ என்று அது கேட்கும்போது நாம் கொடுக்கும் விடையை ஏற்கிறதா? இந்த வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலானோர் மூன்றாவது கேள்வியில் தொடங்குகிறார்கள். எக்ஸ்ப்ளோரரில் ‘நெட்வொர்க்’ என்ற இடத்தைத் திறக்கிறார்கள், பெயர் இல்லை என்றதும் கைக்குக் கிடைத்த அமைப்பையெல்லாம் மாற்றத் தொடங்குகிறார்கள். அந்தப் பட்டியலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதில் பெயர் இல்லாத கணினியை முழு வேகத்தில் திறக்கலாம். பெயர் இருக்கும் கணினி அணைந்தே கிடக்கலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிச் சிக்கலுக்கு எங்கு தேடினாலும் இரண்டு அறிவுரைகள் வந்து நிற்கும்: ஃபயர்வாலை (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் காவலை) அணைத்துவிடுங்கள், எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை இயக்குங்கள். இரண்டையும் செய்யாதீர்கள். உங்கள் சிக்கலுக்கு இரண்டுமே தேவையில்லை. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

எல்லாக் கருவிகளிலும் இணையம் ஓடுகிறது என்பதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: ஒவ்வொரு கருவிக்கும் ஏதோ ஒரு ரவுட்டர் வரை பாதை இருக்கிறது. ஒரு கருவிக்கும் இன்னொரு கருவிக்கும் இடையே பாதை இருக்கிறதா என்பதை அது சொல்வதில்லை. ஆகவே ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு கருவியின் ஐபி முகவரியையும், அதாவது நெட்வொர்க்கில் அதற்கு உரிய எண்ணையும், எழுதுங்கள். விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடித்தால் வரும். மேக்கில் வைஃபை அமைப்பில் உங்கள் நெட்வொர்க்கின் விவரத்தைத் திறந்தால் இருக்கும். உபுண்டுவில் ‘ஐபி ஏ’ என்ற கட்டளை. செல்பேசியில் இணைந்திருக்கும் வைஃபை பெயரைத் தொட்டால் தெரியும். பிரிண்டரில் நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிடச் சொல்லும் வசதி மெனுவுக்குள் எங்காவது இருக்கும். முகவரியோடு, ‘டிஃபால்ட் கேட்வே’ என்று காட்டுவதையும் (அது அந்தக் கருவிக்கு வெளியே போக வழியாக இருக்கும் ரவுட்டரின் முகவரி) கூடவே எழுதுங்கள்.

வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 255.255.255.0 என்ற சப்நெட் மாஸ்க்கைத்தான் கொடுக்கும். எந்த முகவரிகள் ஒரே நெட்வொர்க்கைச் சேர்ந்தவை என்று சொல்லும் எண் அது. அப்படியானால் முகவரியின் முதல் மூன்று எண்கள் எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மடிக்கணினியில் 192.168.0.12, உபுண்டுவில் 192.168.1.20 என்று இருந்தால் பாதிக் கதை அங்கேயே முடிந்துவிட்டது. உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு நெட்வொர்க். முகவரி 169.254 என்று தொடங்கினால் அது வேறு செய்தி. அந்தக் கருவி முகவரி கேட்டுக் குரல் கொடுத்தது, எந்த ரவுட்டரும் பதில் சொல்லவில்லை, தானாக ஒன்றை வைத்துக்கொண்டது. கேபிளையோ வைஃபை பாஸ்வேர்டையோ ரவுட்டரில் முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையையோ பார்க்க வேண்டும்.

நீங்கள் இரண்டாவது ரவுட்டரை மாட்டிய விதத்தை விவரிக்கவில்லை. ஆனால் முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை இரண்டாவதில் இணையம் உள்ளே வருவதற்கான ‘வான்’ துளையில் செருகியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பெட்டிக்குள் வரும் தாள் அப்படித்தான் செய்யச் சொல்லும். அப்படிச் செருகினால் இரண்டாவது ரவுட்டர் தனக்குக் கீழே புதிதாக ஒரு நெட்வொர்க்கை உருவாக்கிக்கொள்ளும். இதன் விளைவு பலரைக் குழப்பும், ஏனென்றால் அது ஒருவழியாக வேலை செய்யும். உள் ரவுட்டரில், அதாவது இரண்டாவதில், இருக்கும் மடிக்கணினியால் வெளி ரவுட்டரில், அதாவது முதலாவதில், இருக்கும் உபுண்டுவின் முகவரியை எட்ட முடியும். உபுண்டுவால் அந்த மடிக்கணினியை எட்ட முடியாது. ‘அங்கிருந்து இங்கே வருகிறது, இங்கிருந்து அங்கே போகவில்லை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது வீட்டில் எத்தனை ரவுட்டர்கள் என்பதைத்தான். அறிவிப்பு வழியாக ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் முறைகள் எதுவும் இந்த எல்லையைத் தாண்டாது என்பதால், பட்டியலில் பெயர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தும் போகும். மேக்கும் உபுண்டுவும் ஒரே ரவுட்டரில் இருந்து, விண்டோஸ் மடிக்கணினி மற்றதில் இருந்தால் உங்களுக்குத் தெரியும் காட்சி அப்படியே வரும்.

தீர்வு, இரண்டாவது ரவுட்டரை வெறும் வைஃபை கோபுரமாக மாற்றுவது. அதன் அமைப்பில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையென்றால் கையால் செய்யலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் அந்த ரவுட்டரின் சொந்த முகவரியை முதல் ரவுட்டரின் வரிசைக்குள், வேறு எதற்கும் போகாத ஓர் எண்ணாக மாற்றுங்கள். முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுத்து, முதல் ரவுட்டர் பிறருக்கு வழங்கும் முகவரிகளில் 2 வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து அதன் டிஎச்சிபி சேவையை அணையுங்கள். கடைசியாகத்தான் கேபிளை ‘வான்’ துளையிலிருந்து எடுத்து, வீட்டுக் கருவிகளுக்கான ‘லேன்’ துளைகளில் ஒன்றில் செருக வேண்டும். டிஎச்சிபியை அணைக்காமல் கேபிளை மாற்றிவிட்டால், ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் முகவரி வழங்கத் தொடங்கிவிடுவார்கள். எது முந்திப் பதில் சொல்கிறதோ அதன் முகவரியைக் கருவி எடுத்துக்கொள்ளும். காலையில் வேலை செய்த கணினி மாலையில் செய்யாது, மறுபடி இணைத்தால் செய்யும். வீட்டு நெட்வொர்க்கில் இதைவிட நேரத்தை விழுங்கும் கோளாறு எனக்குத் தெரிந்து வேறில்லை. நீங்கள் தாளில் எழுதிய ‘கேட்வே’ எண் எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் இது அம்பலமாகிவிடும்.

முகவரிகள் எல்லாம் ஒரே வரிசையில் வந்த பிறகும் பாதை இல்லாமல் போக வழிகள் உண்டு. கருவி ‘கெஸ்ட்’ வைஃபையில் இருக்கலாம். விருந்தினர் நெட்வொர்க் வீட்டுக் கருவிகளை எட்டவிடாமல் தடுப்பதற்காகவே இருப்பது. ரவுட்டரில் கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாத ‘கிளையன்ட் ஐசொலேஷன்’ அல்லது ‘ஏபி ஐசொலேஷன்’ இயங்கலாம். மடிக்கணினியில் அலுவலக விபிஎன் ஓடிக்கொண்டிருக்கலாம். அது வீட்டுக்குள் போக வேண்டிய போக்குவரத்தையும் தன் சுரங்கத்துக்குள் இழுத்துவிடக்கூடும். சோதனை முடியும் வரை விபிஎன்னைத் துண்டித்து வையுங்கள்.

இப்போது பாதையைச் சோதிக்க எல்லோரும் பிங் அடிப்பார்கள், அதாவது ‘இருக்கிறாயா’ என்று எதிர்முனையைக் கேட்கும் கட்டளை. அடியுங்கள், ஆனால் அதன் விடையை அப்படியே நம்பாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் பிங்கை இயல்பாகவே தடுக்கக்கூடியது. பதில் வராததால் கணினி இல்லை என்று ஆகிவிடாது. பிங் அடித்த கையோடு, விண்டோஸிலும் மேக்கிலும் ‘ஆர்ப் -ஏ’ என்ற கட்டளையை அடியுங்கள். உபுண்டுவில் ‘ஐபி நெய்’. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கருவியோடு பேசுவதற்கு முன் உங்கள் கணினி ‘இந்த ஐபி முகவரி யாருடையது’ என்று உரக்கக் கேட்கும். உரிய கருவி தன் மேக் முகவரியைச் சொல்லிப் பதில் தரும். (இந்த ‘மேக்’ ஆப்பிள் கணினி அல்ல, நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்.) வழக்கமான ஃபயர்வால்கள் இந்தப் பதிலைத் தடுப்பதில்லை. ஆகவே பிங் தோற்று, ஆர்ப் பட்டியலில் அந்த ஐபிக்கு எதிரே இரண்டிரண்டு எழுத்தாக ஆறு தொகுதி கொண்ட முகவரி வந்திருந்தால் பாதை நன்றாக இருக்கிறது, எதிர்முனையின் ஃபயர்வால்தான் பேச மறுக்கிறது. அந்த இடம் காலியாகவோ ‘இன்கம்ப்ளீட்’ என்றோ இருந்தால் பாதையே இல்லை. ஃபயர்வாலைத் தொட்டுப் பயனில்லை, முந்தைய பத்திக்குத் திரும்புங்கள். ஒரு நிமிட வேலைதான். ஆனால் தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும் என்பதால் இதை நான் எப்போதும் விடுவதில்லை.

பாதை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்முனை பேச ஒப்புக்கொள்கிறதா? கோப்புப் பகிர்வுக்கு இன்று மூன்று இயங்குதளங்களும் பொதுவாகப் பேசுவது எஸ்எம்பி. அது உட்காரும் இடம் 445-ஆம் போர்ட். போர்ட் என்பது கணினியில் ஒவ்வொரு சேவையும் பேசும் எண்ணிட்ட வாசல். விண்டோஸ் பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’ கட்டளையில் முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால் கடைசி வரியில் ‘ட்ரூ’ அல்லது ‘ஃபால்ஸ்’ என்று வரும். மேக்கிலும் உபுண்டுவிலும் நெட்கேட் கட்டளை இதே வேலையைச் செய்யும், இன்னும் நுட்பமாகவும் சொல்லும். உடனே ‘ரெஃப்யூஸ்டு’ என்று வந்தால், பெரும்பாலும் கணினி விழித்திருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் கேட்க யாரும் இல்லை. உபுண்டுவில் இப்படி வந்தால், அங்கே எஸ்எம்பி பேசும் மென்பொருளான சாம்பா நிறுவப்படவில்லை, அல்லது ஓடவில்லை. நெடுநேரம் காத்திருந்து ‘டைம்டு அவுட்’ என்றால் நடுவில் ஃபயர்வால் கோரிக்கையைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

விண்டோஸில் இந்த இடத்தில் பெரும்பாலும் குற்றவாளி ‘பப்ளிக்’ என்ற அமைப்புதான். விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் ‘பப்ளிக்’ அல்லது ‘பிரைவேட்’ என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறது. பப்ளிக் என்றால் கோப்புப் பகிர்வும் கண்டறிதலும் அடைபட்டிருக்கும். ரயில் நிலைய வைஃபையில் நம்மைக் காப்பது இதுதான். புதிய ரவுட்டரை மாட்டும்போது விண்டோஸ் அதைப் புதிய நெட்வொர்க்காகக் கருதி மறுபடி பப்ளிக் என்று வைத்துவிடும். ரவுட்டர் வந்த பிறகு மோசமானது என்று நீங்கள் சொன்னதற்கு இதுவும் காரணமாக இருக்கும். அமைப்புகளில் வைஃபை நெட்வொர்க்கின் பண்புகளைத் திறந்து ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். கேபிளிலும் இணைவீர்கள் என்றால் அதற்கும் தனியாக மாற்ற வேண்டும். அத்தோடு ‘அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்’ பகுதியில் பிரைவேட் நெட்வொர்க்குக்குக் கீழே கண்டறிதலும் கோப்புப் பகிர்வும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். ஃபயர்வாலை அணைப்பதால் கிடைக்கும் பலன் இதிலேயே கிடைத்துவிடுகிறது, வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லும் மடிக்கணினி காவல் இல்லாமலும் போகாது. தனியாக வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் அது தன் சொந்த ஃபயர்வாலை வைத்திருக்கலாம். அப்படியானால் இதே வகைப்பாட்டை அதற்குள்ளும் போய் மாற்ற வேண்டும்.

உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் இயல்பாக அணைந்திருக்கும். நீங்கள் இயக்கியிருந்தால் சாம்பாவுக்கு அனுமதி கொடுக்க ஒரு கட்டளை போதும். ஆப்பிள் பக்கம் ஒன்று கவனியுங்கள். ஐஓஎஸ் 14 முதல் ஐபோனிலும், 2024-இல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயா முதல் மேக்கிலும், வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கருவிகளோடு பேசத் தனிச் செயலிகளுக்கு அனுமதி தேவை. ‘லோக்கல் நெட்வொர்க்’ கேள்விக்கு யாராவது ‘வேண்டாம்’ என்று தொட்டிருந்தால் அந்தச் செயலி மட்டும் பிரிண்டர் இல்லை என்று சாதிக்கும்.

இனி பெயருக்கு வருவோம். மேக்கில் தெரியும் உபுண்டு ஏன் விண்டோஸில் தெரியவில்லை என்ற உங்கள் கேள்விக்கு, எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருந்தாலும் பொருந்தும் விடை இங்கே இருக்கிறது. வீட்டு நெட்வொர்க்கில் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவிக்க மூன்று முறைகள் புழக்கத்தில் இருந்திருக்கின்றன. ஆப்பிள் 2002-இல் மேக்குக்குக் கொண்டுவந்து பின்னாளில் போன்ஜோர் என்று பெயரிட்டது ஒன்று. 5353-ஆம் போர்ட்டில் அறிவிக்கும் அதன் பெயர்கள் ‘.லோக்கல்’ என்று முடியும். உபுண்டுவில் அவாஹி என்ற சேவை இதே முறையில் பேசுகிறது. ஆகவே மேக்கும் உபுண்டுவும் ஒன்றையொன்று எளிதாகக் கண்டுகொள்கின்றன. விண்டோஸின் பழைய முறை நெட்பயாஸ் பெயர்களும் கணினிப் பட்டியலைத் தொகுக்கும் ‘கம்ப்யூட்டர் பிரவுசர்’ சேவையும். இந்தச் சேவை எஸ்எம்பி 1-ஐ நம்பி இருந்தது. புதிய முறை டபிள்யூஎஸ்-டிஸ்கவரி, 3702-ஆம் போர்ட். இன்றைய எக்ஸ்ப்ளோரர் கணினிகளைப் பட்டியலிட இதைத்தான் நம்புகிறது. சாம்பா இந்தப் புதிய முறையில் தானாக அறிவிப்பதில்லை. அதனால்தான் உபுண்டு விண்டோஸ் பட்டியலில் வருவதில்லை. பகிர்வு பழுதாகி இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

‘எஸ்எம்பி 1-ஐ இயக்கினால் தெரியும்’ என்ற அறிவுரை பிறந்தது இங்கேதான். அது 1980-களில் பிறந்த நெறிமுறை. அதில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சில் திருத்தம் வெளியிட்டது. திருத்தத்தைப் போடாத கணினிகளை அதே ஆண்டு மே மாதத்தில் வான்னாகிரை உலகெங்கும் பூட்டிப் பணயம் கேட்டது. அதன் பின் அந்த ஆண்டே விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை விலக்கத் தொடங்கியது. சாம்பா 2019-இல் 4.11 பதிப்பிலிருந்து இயல்பாக அணைத்து வைத்தது. பட்டியலில் ஒரு பெயர் தெரிய வேண்டும் என்பதற்காக, குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கும் கணினியில் இதைத் திரும்பத் திறப்பதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

செய்ய வேண்டியது எளிது. உபுண்டுவில் டபிள்யூஎஸ்டிடி என்ற சிறிய சேவையை நிறுவுங்கள். அண்மைப் பதிப்புகளில் உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது. அது சாம்பாவுக்காக டபிள்யூஎஸ்-டிஸ்கவரி முறையில் அறிவிக்கும், விண்டோஸ் பட்டியலில் உபுண்டு வந்துவிடும். ஃபயர்வால் இயங்கினால் யுடிபி 3702, டிசிபி 5357 இரண்டையும் திறந்துவிடுங்கள். விண்டோஸ் மேசைக்கணினி பிறர் பட்டியலில் வரவில்லை என்றால், அதன் சேவைகள் பட்டியலில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஆனால் உண்மையில் நான் பட்டியலை நம்பியே இருக்கமாட்டேன். எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு உபுண்டுவின் ஐபி முகவரியை அடியுங்கள். மேக்கில் ஃபைண்டரில் கமாண்ட்-கே அழுத்தி, எஸ்எம்பி என்ற மூன்று ஆங்கில எழுத்து, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு முகவரி. எண்ணால் திறந்து பெயரால் திறக்கவில்லை என்றால் கோளாறு பெயரில் மட்டும்தான் என்று உறுதியாகிவிட்டது. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் ‘.லோக்கல்’ பெயர்கள் இப்போது தாமாகவே புரியும் என்பதால், உபுண்டுவின் பெயரோடு ‘.லோக்கல்’ சேர்த்தும் முயலலாம். திறந்ததும் அதை ஒரு டிரைவ் எழுத்தாகப் பொருத்தி வைத்துவிட்டால் பட்டியல் என்ன காட்டினால் என்ன?

அதற்கு எண் மாறாமல் இருக்க வேண்டும். ரவுட்டரின் டிஎச்சிபி பகுதியில் ‘ரிசர்வேஷன்’ என்று இருக்கும். உபுண்டுவுக்கும் பிரிண்டருக்கும் மேசைக்கணினிக்கும் அங்கே நிலையான எண் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கணினிக்குள்ளும் போய்க் கையால் எண் அமைப்பதைவிட இதுவே நல்லது, கணக்கெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். செல்பேசிகளுக்கு இது நிலைக்காமல் போகலாம். ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் அவை உண்மையான மேக் முகவரிக்குப் பதிலாக நெட்வொர்க்குக்கு ஒன்றாகப் போலி முகவரியைக் காட்டுகின்றன.

நான்காவது கேள்விக்கு வருகிறேன். கலப்பு வீடுகளில் மிக அதிகம் பேர் இங்கேதான் சிக்குகிறார்கள். காரணம், ஒவ்வொரு இயங்குதளமும் பாஸ்வேர்டை வைத்திருக்கும் இடம் வேறு.

விண்டோஸ் மேசைக்கணினியில் தினமும் நாலு இலக்கப் பின் எண்ணை அடித்து உள்ளே போவீர்கள். நெட்வொர்க் வழியாக வரும்போது அந்தப் பின் செல்லாது. அது அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைபவராக இருந்தால், பயனர்பெயராக மின்னஞ்சல் முகவரியையும் பாஸ்வேர்டாக அந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத உள்ளூர்க் கணக்கு என்றால் விண்டோஸ் நெட்வொர்க் நுழைவை இயல்பாக மறுத்துவிடும். திரும்பத் திரும்பப் பாஸ்வேர்டு கேட்கிறது என்று நீங்கள் சொன்னது பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்.

சாம்பாவின் பாஸ்வேர்டுப் பட்டியல் உபுண்டுவின் பட்டியலிலிருந்து தனியானது. உபுண்டுவில் ஒரு பயனர் இருக்கிறார், அவருக்குப் பாஸ்வேர்டும் இருக்கிறது என்றாலும், ‘எஸ்எம்பிபாஸ்வேர்டு’ கட்டளையால் (ஆங்கிலத்தில் கடைசிச் சொல் சுருக்கமாக பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி) அவரைச் சாம்பாவிலும் சேர்க்காத வரை வெளியிலிருந்து நுழைய முடியாது. மேக்கிலும் இதற்கு இணையான ஒன்று ஒளிந்திருக்கிறது. ‘ஃபைல் ஷேரிங்’ பகுதியின் ‘ஆப்ஷன்ஸ்’ சாளரத்தில் ‘விண்டோஸ் ஃபைல் ஷேரிங்’ என்ற தலைப்பின் கீழ், கணக்கின் பெயருக்கு எதிரே தனியாக ஒரு டிக் போட்டு அதன் பாஸ்வேர்டை மறுபடி அடிக்க வேண்டும்.

‘பாஸ்வேர்டு இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிடலாமே’ என்று முன்பெல்லாம் சாம்பாவில் கெஸ்ட் பகிர்வு வைப்பார்கள். இப்போது பல விண்டோஸ் கணினிகளில் அது நடக்காது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, ப்ரோ பதிப்பிலும் கெஸ்ட் நுழைவு இயல்பாக மறுக்கப்படுகிறது, ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் கையொப்பமும் கட்டாயம். நேற்று வரை திறந்த கெஸ்ட் பகிர்வு ஓர் அப்டேட்டுக்குப் பின் திறக்கவில்லை என்றால் அதுவே காரணம். அந்தத் தடையை ரெஜிஸ்ட்ரியில் நீக்கும் வழிகள் உண்டு, அவற்றைத் தேடிப் போகாதீர்கள். கோப்பு இருக்கும் ஒவ்வொரு கணினியிலும் பகிர்வுக்கென்றே ஓர் உள்ளூர்க் கணக்கை ஒரே பெயரில் உருவாக்கி, நல்ல பாஸ்வேர்டு கொடுத்து, எங்கிருந்து வந்தாலும் அதையே பயன்படுத்துங்கள். கால் மணி நேர வேலை. அதற்குப் பிறகு பின் எண், மின்னஞ்சல் எதுவும் குறுக்கே வராது.

கணக்கை மாற்றிய பிறகும் விண்டோஸ் பழைய பெயரிலேயே முட்டிக்கொண்டிருக்கும். ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ திறந்து அந்தக் கணினிக்காகச் சேமித்ததை நீக்குங்கள். ஒரே சர்வருக்கு இரண்டு பயனர்பெயரில் இணைய முடியாது என்ற 1219 பிழை வந்தால், ‘நெட் யூஸ்’ கட்டளையால் பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

உள்ளே போக முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் அனுமதி இரண்டு அடுக்காக இருப்பதை நினைவில் வையுங்கள். விண்டோஸில் ‘ஷேரிங்’ தாவலில் ஒன்று, ‘செக்யூரிட்டி’ தாவலில் ஒன்று. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். உபுண்டுவில் சாம்பா அமைப்பில் எழுத அனுமதி இருந்தாலும் ஃபோல்டரின் உரிமையாளர் வேறாக இருந்தால் எழுத முடியாது. போகிற போக்கில் ஒன்று: விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அந்த மேசைக்கணினியை வீட்டின் கோப்புக் கிடங்காக வைக்காதீர்கள், அந்த வேலையை உபுண்டுவே செய்யட்டும்.

பிரிண்டர் விஷயம் சுருக்கமானது. விண்டோஸில் அதன் பண்புகளில் ‘போர்ட்ஸ்’ தாவலைத் திறந்து பாருங்கள். அங்கே ஒரு ஐபி எண் இருந்து, பிரிண்டர் இப்போது வேறு எண்ணில் இருந்தால், ‘ஆஃப்லைன்’ என்பதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது. ரவுட்டரில் நிலையான எண் கொடுத்த பிறகு போர்ட்டை அந்த எண்ணுக்கு மாற்றுங்கள். ‘டபிள்யூஎஸ்டி’ போர்ட் என்று இருந்தால் அது கண்டறிதலை நம்பி இருக்கும். என் அனுபவத்தில் அது அடிக்கடி தொலைந்துபோகிறது, ஐபி எண்ணுடன் கூடிய டிசிபி/ஐபி போர்ட்டாக மாற்றிவிடுவதே நிம்மதி. பல வைஃபை பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். மடிக்கணினி 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தாலும் சரியான ரவுட்டரில் இரண்டும் ஒரே நெட்வொர்க்தான், அதற்காகப் பிரித்து வைக்கத் தேவையில்லை.

எல்லாம் திறந்த பிறகு தமிழில் பெயரிட்ட கோப்புகளைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். மேக்கும் உபுண்டுவும் சேர்ந்திருக்கும் வீட்டில் இது வரக்கூடும். யூனிகோடில் ொ, ோ, ௌ ஆகிய மூன்று குறிகளையும் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘கோ’ என்பதில் வரும் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், முன்னே ே, பின்னே ா என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக் நெடுங்காலம் பயன்படுத்திய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பிரித்துத்தான் சேமிக்கும். 2017-இல் ஏபிஎஃப்எஸ் வந்த பிறகு அந்தக் கட்டாயம் இல்லை. விண்டோஸிலும் உபுண்டுவிலும் நாம் தட்டச்சு செய்வது பெரும்பாலும் சேர்ந்த வடிவம். உபுண்டுவின் கோப்பு முறைக்கு இவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள். பழைய மேக்கிலிருந்து ஆர்சிங்க் போன்ற கருவியால் அப்படியே நகலெடுத்த ஃபோல்டரில் ‘கோடை விடுமுறை’ என்று தேடினால், கண் முன்னே இருந்தும் கிடைக்காது. சில வேளை ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் நிற்கும், ஒன்றில் பாதிப் படம், மற்றதில் மீதி. ‘காலை’ போன்ற பெயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் ‘லை’யில் வரும் குறி பிரிவதில்லை.

உபுண்டுவில் கன்வ்எம்வி என்ற கருவியை நிறுவி, அந்த ஃபோல்டரில் உள்ள பெயர்களையெல்லாம் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது சேர்ந்த வடிவத்துக்கு, மாற்றச் சொல்லுங்கள். அது முதலில் வெள்ளோட்டம் மட்டும் பார்த்து எதையெல்லாம் மாற்றப் போகிறது என்று பட்டியலிடும். பட்டியலைப் பார்த்த பிறகு ‘நோடெஸ்ட்’ என்ற சேர்க்கையோடு மறுபடி ஓட்டினால்தான் உண்மையில் மாற்றும். ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் நிற்கும் இடங்களை மட்டும், ஓட்டுவதற்கு முன் கையால் ஒன்றாக்கிவிடுங்கள்.